கட்டைவிரலுக்கு மாறிய கை

பிப்ரவரி 6, வியாழன்

முடியை நேராக்கும் இடுக்கியின் சூட்டுத் தகட்டில் என் சுட்டுவிரல் பட்டிருக்கிறது. எனக்குத் தெரியவே இல்லை. வாசனை வந்த பிறகுதான் குனிந்து பார்த்தேன். நாற்காலியில் இருந்த பெண், "ஐயோ, என் முடியா கருகுது?" என்று அலறினாள். "இல்லம்மா, என் விரல்தான்" என்றேன், ஏதோ நல்ல செய்தி சொல்வதுபோல. அவளும் நிம்மதியாகச் சாய்ந்துகொண்டாள்.

பார்லரைப் பூட்டிவிட்டு உட்கார்ந்து விரல் நுனியைக் கிள்ளிக் கிள்ளிப் பார்த்தேன். சுட்டுவிரலில் ஒன்றுமே இல்லை. நடுவிரலில் பாதி. யாரோ ஒருத்தியின் விரலைக் கிள்ளுவதுபோல இருந்தது.

காரணம் எனக்குத் தெரியாதா? எட்டு வருடமாக வில் பிடிக்கிறேன். அம்புக்கு மேலே சுட்டுவிரல், கீழே நடுவிரலும் மோதிரவிரலும், அப்படித்தான் நாணை இழுப்போம். தோலுறை போட்டாலும் நாண் அழுத்துவது அந்த மூன்று நுனிகளைத்தான். அதிலும் நான் அவசரக்காரி. பாரத்தை எல்லாம் சுட்டுவிரல் மேலேயே போட்டு இழுப்பேன்.

பிப்ரவரி 8, சனி

டாக்டர் என் கண்ணை மூடச் சொல்லி ஊசியால் தொட்டுத் தொட்டுக் கேட்டார். "தொட்டேனா?" "இல்லை." "இப்போ?" "தொட்டீங்களா என்ன?"

நாண் அழுத்தி அழுத்தி நுனி நரம்பு நசுங்கிப்போயிருக்கிறதாம். இத்தோடு விட்டால் மெல்ல மெல்லத் திரும்பலாம். விடாவிட்டால் திரும்பாது.

"நீங்க என்ன வேலை பாக்கறீங்க?"

"முடி வெட்டறேன்."

"அப்போ நீங்களே முடிவு பண்ணிக்கங்க. கத்தரி வேணுமா, வில்லு வேணுமா?"

ரெண்டும் வேணும் டாக்டர். இதை வாய்விட்டுச் சொல்லவில்லை. பஸ்ஸில் வரும்போது நூறு தடவை சொன்னேன்.

பிப்ரவரி 9, ஞாயிறு

எங்கள் வில்வித்தை கிளப் மைதானத்துக்குப் போய் விரல் விஷயத்தைச் சொல்லிவிட்டேன். மறைத்து என்ன ஆகப்போகிறது?

ஜூனில் கிளப்புகளுக்கு இடையே போட்டி. ஒரு கிளப்புக்கு நாலு பேர். அதுவும் எங்கள் பழைய முறைப் பிரிவு: மரவில், குறிக்கண்ணாடி கிடையாது, அம்பை வைக்கத் தாங்கி கிடையாது, கையே தாங்கி. இந்தக் கிளப் ஆரம்பித்ததிலிருந்து அந்த நாலில் நான் இல்லாத வருடம் இல்லை. கேப்டன் அதையெல்லாம் நினைத்துப் பார்க்கக்கூட இல்லை. வாயைத் துடைத்துக்கொண்டு, "சரி விடுங்க. ஸ்கோர் எழுத ஆள் இல்லாம இருந்துது. நீங்க எழுதுங்க" என்றார்.

ஸ்கோர் எழுதுவதா! எட்டு வருடம் கழித்து, மற்றவர்கள் விட்ட அம்பை எண்ணிக்கொண்டு உட்கார வேண்டுமா நான்?

என் தங்கையும் இதே கிளப்தான். நான்தான் அவளை இழுத்து வந்தேன். திரும்பும்போது ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்துகொண்டு, "அக்கா, நீ இல்லேன்னா எனக்கு எடம் உறுதி, தெரியுமா?" என்றாள். கொஞ்ச தூரம் போனதும் என் முதுகில் முகத்தை வைத்துக்கொண்டு, "அப்படி வேண்டாம்க்கா எனக்கு" என்றாள்.

பிப்ரவரி 10, திங்கள்

கோபம்தான் இருக்கிறது. எழுத வேறு ஒன்றுமில்லை.

பிப்ரவரி 14, வெள்ளி

கிளப்பில் நெட்டையன் என்று ஒருவன். ஆறடிக்கு மேல் வளர்ந்தவன், வாயைத் திறந்தால்தான் மனுஷன் என்று தெரியும். அவன் இன்று பார்லருக்கே வந்து, பெண்கள் கூட்டத்துக்கு நடுவில் கூனிக்குறுகி நின்று, போனில் ஒரு வீடியோ காட்டினான். யாரோ ஒரு தாடிக்காரர் கட்டைவிரலால் நாணை இழுத்து விடுகிறார். கட்டைவிரலில் ஒரு மோதிரம். நாண் அந்த மோதிரத்தின் மேல்தான். மற்ற விரல் எதுவும் நாணைத் தொடவே இல்லை.

"மூணு விரல் வேலைய ஒரு விரல் பாக்குதுக்கா" என்றான். அவ்வளவுதான், போய்விட்டான்.

டாக்டருக்கு உடனே போன் போட்டேன். பெருமூச்சு கேட்டது. "கட்டைவிரல் நல்லாதான் இருக்கு. ஆனா வெறும் விரலால இழுத்தீங்கன்னா அதுவும் இதே வழிக்குத்தான் வரும். கவசம் இல்லாம தொடாதீங்க. அதுக்கும் நான் சொன்னேன்னு யார்கிட்டயும் சொல்லாதீங்க."

பிப்ரவரி 19, புதன்

வீட்டுக்காரர் லேத் பட்டறையில் வேலை. இதுவரை என் வில்லைப் பற்றி அவர் சொன்ன ஒரே கருத்து, "குச்சி விடற வெளையாட்டு." ஆனால் மோதிரம் என்றதும் ஆள் மாறிவிட்டார். கட்டைவிரலைப் பிடித்து வெர்னியர் அளவுகோல் வைத்து அளந்தார். கல்யாணத்தில் மோதிரம் போட்டபோதுகூட இவ்வளவு கவனமாக என் கையைப் பிடித்ததில்லை.

இன்று பித்தளையில் கடைந்து கொண்டுவந்தார். "பாரு, மயிரிழை கூடப் பிசகாத வட்டம்!" கண்ணாடி மாதிரி பளபளப்பு. மூட்டைத் தாண்டி உள்ளே போகவே இல்லை. சோப்புப் போட்டுத் தள்ளினோம். போனது. திரும்பி வரவில்லை. விரல் பாகற்காய் மாதிரி வீங்கியது. ஐஸ் வைத்து, எண்ணெய் விட்டு, அவர் ஒரு பக்கம் நான் ஒரு பக்கம் இழுத்து... பக்கத்து வீட்டில் என்ன நினைத்தார்களோ.

பிப்ரவரி 23, ஞாயிறு

இரண்டாவது மோதிரம் கொஞ்சம் பெரிது. மூட்டைத் தாண்டி அழகாகப் போனது. வைக்கோல் கட்டுக்கு முன்னால் நின்று இழுத்தேன், விட்டேன். அம்பு எட்டடி போய்க் கீழே விழுந்தது. மோதிரம் வைக்கோல் கட்டையும் தாண்டிப் போய்விட்டது. அரை மணி நேரம் புல்லில் தேடினோம்.

"மோதிரத்துக்கு எத்தனை பாயின்ட்?" என்று கேப்டன் கேட்டார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், வேறு வழி?

வீட்டுக்காரரிடம் சொன்னேன். விரலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நேராகப் பார்த்தால் மூட்டு அகலம், பக்கத்திலிருந்து பார்த்தால் ஒல்லி. "அட, உன் வெரல் வட்டமே இல்லடி!" என்றார், நான் ஏதோ அவரை ஏமாற்றிவிட்டதுபோல. லேத்தில் எதைக் கொடுத்தாலும் வட்டமாகத்தான் வரும். இது முட்டை மாதிரி நீள்வட்டமாக இருக்க வேண்டும். பக்கவாட்டில் நுழைத்து, மூட்டைத் தாண்டியதும் கால்வட்டம் திருப்பினால் அப்படியே பூட்டிக்கொள்ளும். அரத்தை எடுத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். கையாலேயே அராவுகிறார்.

மார்ச் 2, ஞாயிறு

மோதிரம் கச்சிதம். ஆனால் அம்பு நிற்கமாட்டேன் என்கிறது!

கட்டைவிரலை அம்புக்குக் கீழே நாணைச் சுற்றிக் கொக்கியாக மடக்க வேண்டும். சுட்டுவிரல் கட்டைவிரல் நகத்தின் மேல் தாழ்ப்பாள் மாதிரி படுக்கும். அது நாணைத் தொடாது. இதெல்லாம் சரியாகச் செய்கிறேன். நாணைப் பாதி இழுத்ததும் அம்பு வில்லை விட்டு விலகி, என் கைமேலிருந்து நழுவிக் கீழே விழுகிறது. எடுக்கிறேன், வைக்கிறேன், இழுக்கிறேன், விழுகிறது. கடைசியில் ஒரு தடவை, அம்பு விழுந்தது தெரியாமலே நாணை விட்டுவிட்டேன்.

வெறும் நாண். டமார் என்ற சத்தம். அம்பில்லாமல் விட்டால் அத்தனை விசையும் வில்லுக்குள்ளேயே இறங்கும், மரம் பிளந்துபோகும். புதிதாகச் சேர்ந்தவர்கள் செய்கிற தப்பு. எங்கள் கிளப்பில் இதற்கு ஒரு தண்டனை உண்டு: வெறும் நாண் விட்டவர் அன்றைக்கு எல்லாருடைய டீ கிளாஸையும் கழுவ வேண்டும்.

கழுவினேன். வில் பிழைத்தது, மானம்தான் போனது. கேப்டன் தன் கிளாஸைக் கொண்டுவந்து வைத்துவிட்டு, "இந்த வயசுல புதுசா பழகறது கஷ்டம்தான்" என்றார். என்னைவிட அவருக்கு ஒன்பது வயது கூட! அந்தக் கிளாஸை மட்டும் இரண்டு தடவை கழுவினேன், ஆத்திரத்தில்.

மார்ச் 5, புதன்

ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். வில்லை மாற்றலாமா என்று யோசிக்கிறேன்.

மார்ச் 16, ஞாயிறு

கண்டுபிடித்துவிட்டோம். சிரித்துச் சிரித்து வயிறு வலிக்கிறது.

தங்கை வீட்டுக்கு வந்து அந்த வீடியோவை நிறுத்தி நிறுத்திப் பார்த்தாள். நானும் இதையே இருபது தடவை பார்த்திருக்கிறேன். அம்பு வில்லுக்கு இடது பக்கம், என் பழைய பழக்கமும் இடது பக்கம், சந்தேகமே வரவில்லை. அவள் திடீரென்று, "அக்கா, இந்த ஆளு எந்தக் கையால இழுக்கறான்?" என்றாள்.

இடது கை! தாடிக்காரர் இடதுகைக்காரர். நான் வலதுகைக்காரி. எனக்கு எல்லாமே கண்ணாடியில் பார்ப்பதுபோல மாற வேண்டும். விரலால் இழுக்கும்போது அம்பு இடது பக்கம் இருந்தது சரி. கட்டைவிரலால் இழுக்கும்போது சுட்டுவிரலின் பக்கவாட்டு அம்பை இடதுபுறம் தள்ளும். அம்பு வில்லின் வலது பக்கம் இருந்தால் அந்தத் தள்ளலே அதை வில்லோடு அணைத்துப் பிடிக்கும். நான் இடது பக்கம் வைத்துக்கொண்டு, அம்பை நானே வெளியே தள்ளிவிட்டு, நானே அழுதுகொண்டிருந்தேன்.

மாடிப்படிக்குக் கீழே நின்று, இழுத்துப் பார்த்தேன், நாணை விடாமல். வலது பக்கம், இடது கைக் கட்டைவிரல் மேல் அம்பு. அசையவில்லை. பசை போட்டு ஒட்டியதுபோல நின்றது.

"எடம் போச்சே எனக்கு!" என்று தங்கை தலையில் அடித்துக்கொண்டாள். அவள்தான் என்னைவிட அதிகமாகச் சிரித்தாள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

அம்பு நிற்கிறது. போகிற இடம்தான் கடவுளுக்கே வெளிச்சம். ஒன்று மேலே, ஒன்று வெளியே, ஒன்று நெட்டையனின் சைக்கிள் சக்கரத்துக்குப் பக்கத்தில். விடும் நொடியில் மொத்தக் கையும் உதறுகிறது. மூன்று விரலையும் ஒன்றாகத் திறந்து பழகிய கை, இப்போதும் எல்லாவற்றையும் ஒன்றாகத் திறக்கிறது. இடது கட்டைவிரலில் அம்பின் இறகு கிழித்து ரத்தம் வேறு.

வீட்டில் வீட்டுக்காரரிடம் காரணமே இல்லாமல் எரிந்து விழுந்தேன். "விட்டுடேன். யாரு உன்னை என்ன சொல்லப் போறா?" என்றார். நல்ல மனசோடுதான் சொன்னார். ஆனால் அதுதானே பயம்! யாரும் ஒன்றும் சொல்லமாட்டார்கள். ஸ்கோர் எழுதும் அக்கா என்று கூப்பிடுவார்கள், அவ்வளவுதான். எனக்கு அது வேண்டாம். இதைத் தவிர எனக்கென்று நான் எதையும் கேட்டதே இல்லையே.

ஏப்ரல் 11, வெள்ளி

இன்று ஒரு சின்னப் பெண்ணுக்கு முன்முடி வெட்டிக்கொண்டிருந்தேன். அசையாமல் உட்காரவே இல்லை, கண்ணுக்கு அருகில் கத்தரி. அதனால் என் கையையே உற்றுப் பார்த்து வெட்டினேன். அப்போதுதான் கண்ணில் பட்டது.

கத்தரியில் என் கட்டைவிரல் மட்டும்தான் அசைகிறது. மற்ற நாலு விரலும், மணிக்கட்டும், முழங்கையும் கல் மாதிரி நிற்கின்றன. வேலைக்குச் சேர்ந்த புதிதில் வெறும் சீப்பை வைத்துக்கொண்டு மாதக்கணக்கில் இதைத்தானே பழகினேன்! கட்டைவிரலைத் தனியாக அசைப்பதற்கு எனக்கு இருபது வருடப் பழக்கம் இருக்கிறது. நான் போய் இதை மைதானத்தில் தேடிக்கொண்டிருந்தேனே, மண்டு.

"ஆன்ட்டி, ஏன் சிரிக்கறீங்க?" என்று அந்தக் குட்டி கேட்டது. "உன் முடி அழகா வந்திருக்குடி" என்றேன். உண்மையாகவே அழகாகத்தான் வந்திருந்தது.

ஏப்ரல் 13, ஞாயிறு

நடந்தது. நடந்தே விட்டது!

இழுத்தேன். வாயோரம் கொண்டுவந்து நிறுத்தினேன். கையில் கத்தரி இருப்பதாக நினைத்துக்கொண்டேன். தாழ்ப்பாள் தானாகத் தளர்ந்தது, கட்டைவிரல் மட்டும் நீண்டது, வேறெதுவும் அசையவில்லை. அம்பு போன சத்தமே வேறு. ஆறு அம்பு விட்டேன். ஆறும் ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் அடங்கின. நடுவில் இல்லை, நடுவுக்குக் கீழே வலது ஓரம். இருக்கட்டும்! கூட்டமாக விழுந்தால் போதும், கூட்டத்தை நகர்த்துவது சுலபம்.

ஏழாவதில் நாண் என் தோட்டில் மாட்டிக் காதைச் சுண்டியது. கண்ணில் தண்ணீர் வந்தது. வலியா, சந்தோஷமா, எனக்கே தெரியாது. தோட்டைக் கழற்றிப் பையில் போட்டுவிட்டு மறுபடி நின்றேன்.

மே 18, ஞாயிறு

கூட்டம் நடுவுக்கு வந்துவிட்டது. நெட்டையன் இப்போது எனக்குப் பக்கத்தில் நிற்கப் பயப்படுவதில்லை.

பார்த்துக்கொண்டே இருந்த கேப்டன் இன்று புதிதாக ஒன்று கிளப்பினார். மோதிரம் உலோகமாம், கருவியாம், பழைய முறைப் பிரிவில் கருவி கூடாதாம். எனக்குப் பதில் நாக்கு நுனி வரை வந்துவிட்டது. அதற்குள் தங்கை தன் தோலுறையைக் கழற்றி அவர் கையில் வைத்தாள்.

"அப்போ இதுவும் கூடாது சார். நீங்களும் கழட்டுங்க. எல்லாரும் வெறும் விரலோட விடுவோம்."

கேப்டன் தன் கையைப் பார்த்தார், அவள் கையைப் பார்த்தார். "விரலைக் காப்பாத்தறது எதுவா இருந்தாலும் செல்லும்" என்று முடித்துவிட்டார். தங்கச்சி என்றால் இவள் தங்கச்சி.

ஜூன் 8, ஞாயிறு. நாலு பேரைத் தேர்ந்தெடுக்கும் நாள்

நிதானமாக எழுத வேண்டும். எழுத வரவில்லை.

முப்பது மீட்டர். ஆளுக்கு ஆறு ஆறாக மூன்று சுற்று. முதல் சுற்றில் எனக்கு வியர்த்துக் கொட்டி மோதிரம் வழுக்கியது. ஒரு அம்பு இலக்குப் பலகையின் கடைசி ஓரத்தில் போய் நின்றது. சரி, போச்சு என்று நினைத்தேன். வீட்டுக்காரர் வந்திருந்தார், எட்டு வருடத்தில் முதல் தடவையாக. வேலிக்கு அந்தப் பக்கம் நின்று, தன் கட்டைவிரலைச் சட்டையில் துடைத்துக் காட்டினார். நானும் துடைத்துக்கொண்டேன். இரண்டாவது சுற்று நன்றாகப் போனது. மூன்றாவதில் நான் எதையும் எண்ணவில்லை.

நெட்டையன் முதலில். தங்கை இரண்டாவது! கிளப்பில் இருக்கும் எங்கள் தெருத் தபால்காரர் மூன்றாவது. நாலாவது இடத்தில் நானும் கேப்டனும் சமம்.

ஒற்றை அம்பு. நடுவுக்கு யார் பக்கமோ அவருக்கு இடம்.

கேப்டன் முதலில் விட்டார். நடு மஞ்சள் வட்டத்துக்குள். நடுப்புள்ளியிலிருந்து மூன்று விரல் தள்ளி. நல்ல அம்பு, குறை சொல்ல முடியாது. எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு அந்த நேரத்தில் பயம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. பிப்ரவரியிலிருந்து பட்டதெல்லாம் பட்டாகிவிட்டது, இனிமேல் இந்த அம்பு என்னை என்ன செய்துவிடும் என்று தோன்றியது.

அம்பை வலது பக்கம் வைத்தேன். கட்டைவிரலை மடக்கி, தாழ்ப்பாளைப் போட்டு, இழுத்தேன். நின்றேன். காற்று கொஞ்சம் அடங்கட்டும் என்று காத்திருந்தேன். நான், அவசரக்காரி, காத்திருந்தேன்! பிறகு கட்டைவிரலை மட்டும் விட்டேன்.

யாரும் கத்தவில்லை. தூரத்திலிருந்து சரியாகத் தெரியவில்லை. நடந்து போனோம். பாதி தூரத்திலேயே நெட்டையன் நீண்ட காலை எட்டிப் போட்டு ஓடினான். போய் நின்று, திரும்பி, இரண்டு கையையும் தலைக்கு மேல் தூக்கினான். என் அம்பு நடுப்புள்ளியைத் தொட்டுக்கொண்டு நின்றது.

தங்கை என்னைத் தூக்கிச் சுற்றினாள், நான் என்ன குழந்தையா? வீட்டுக்காரர் வேலி தாண்டிக் குதிக்கப் பார்த்துச் சட்டையைக் கிழித்துக்கொண்டார். கேப்டன் அளக்கக்கூடச் சொல்லவில்லை. ஸ்கோர் பலகையில் நாலாவதாக இருந்த தன் பெயரைத் தானே அழித்துவிட்டு என் பெயரை எழுதினார்.

ஜெயிச்சிட்டேன். ஜெயிச்சிட்டேன். ஜெயிச்சிட்டேன்.

ஜூன் 9, திங்கள்

பார்லருக்கு வந்த ஒவ்வொருவரிடமும் சொன்னேன். தலை என் கையில் இருந்ததால் யாரும் எழுந்து ஓட முடியவில்லை.

ஜூன் 22, ஞாயிறு

விடியற்காலையில் பஸ், போட்டி, திரும்பவும் பஸ். எதிர் கிளப்பில் ஒருவர் என் மோதிரத்தைப் பார்த்து, "சோடா தொறக்கவா?" என்றார். மத்தியானம் அவரே வந்து, "கொஞ்சம் காட்டுங்களேன்" என்றார். எங்கள் கிளப்புக்கு முதல் இடம். எட்டு வருடத்தில் இரண்டாம் இடத்தைத் தாண்டியதே இல்லை. எங்கள் நாலு பேரில் அதிகப் புள்ளி எனக்கு. தங்கைக்கும் எனக்கும் ஒரே ஒரு புள்ளி வித்தியாசம். அந்த ஒரு புள்ளியைச் சாகும்வரை சொல்லிக்காட்டுவேன் என்று சொல்லிவிட்டேன்.

கேப்டனும் எங்களோடு வந்திருந்தார். தண்ணீர் கொடுத்தார், அம்புகளைப் பொறுக்கினார், ஸ்கோர் எழுதினார். ஒரு வார்த்தை குத்தலாகப் பேசவில்லை. எனக்கு அது என்னவோ போல் இருந்தது.

ஜூன் 26, வியாழன்

சாயங்காலம் கேப்டன் வீட்டுக்கு வந்தார். இதுவரை வந்ததே இல்லை. ஹாலில் உட்கார்ந்து டீயைக் குடித்து முடிக்கும் வரை மழையைப் பற்றியே பேசினார். பிறகு கிளாஸைக் கீழே வைத்துவிட்டு, வலது கையை மேஜை மேல் விரித்தார்.

"கிள்ளுங்க" என்றார்.

"எதை?" என்றேன்.

"சுட்டுவெரலை. நல்லா அழுத்தமா கிள்ளுங்க."

கிள்ளினேன். முகத்தில் ஒன்றும் மாறவில்லை. இன்னும் அழுத்தினேன். மாறவில்லை.

"ஒரு வருஷத்துக்கு மேல ஆச்சு. யார்கிட்டயும் சொல்லலை. அன்னைக்கு அந்தக் கடைசி அம்பு எப்போ கைய விட்டுப் போச்சுன்னே எனக்குத் தெரியாது." விரல் நுனியைத் தேய்த்துக்கொண்டார். "நீங்க வந்து எல்லார் முன்னாடியும் பட்டுனு சொன்னீங்க பாருங்க, அன்னைக்கு எனக்கு உங்க மேல அவ்வளவு கோபம் வந்துது."

சொல்வதற்கு என்னிடம் எத்தனையோ இருந்தன. டீ கிளாஸ் இருந்தது, இந்த வயசுல என்றது இருந்தது. மாதக்கணக்காகச் சேர்த்து வைத்திருந்தேன். ஆனால் என் கண்ணெல்லாம் அந்த விரலிலேயே இருந்தது.

வீட்டுக்காரர் எதுவும் கேட்காமல் எழுந்து போய் வெர்னியரை எடுத்து வந்தார். கேப்டன் கட்டைவிரலை நீட்டினார்.

ஞாயிற்றுக்கிழமை காலை, மற்றவர்கள் வருவதற்கு முன்னால், மைதானத்துக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதற்கு முன்னால் டாக்டரைப் பார்த்தே ஆக வேண்டும் என்றும் சொன்னேன். "சரிங்க கேப்டன்" என்றார் என்னைப் பார்த்து. கேலியாகச் சொல்லவில்லை.